நூற்றுப் பதினெட்டு சென்டிமீட்டர்

அத்தியாயம் 11

மூடப்போகிற கம்பெனியில் மனிதர்களைவிட நாற்காலிகளுக்கு மரியாதை அதிகம். முப்பத்திரண்டு பேரை ஒரே நாளில் வெளியே அனுப்பிவிட்ட அந்த அலுவலகத்தில் நாற்காலிகளை மட்டும் பாலிதீன் உறை போட்டு, முதுகில் எண் ஒட்டி, வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். பட்டாசு முப்பத்தேழாம் நம்பரில் போய் உட்கார்ந்தாள். உறை கறகறவென்றது.

"நாமளும் இப்படி ஒரு நம்பர் ஒட்டிக்கலாம் சார். யாராவது பத்திரமா எடுத்துட்டுப் போவாங்க."

தராசு நாற்காலி எண்களை வரிசையாகப் படித்துக்கொண்டிருந்தார். பதில் சொன்னால் அவள் அடுத்ததை ஆரம்பிப்பாள் என்று அவருக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் கடை கடையாக ஏறி எடைக்கற்களையும் அளவுகோல்களையும் சோதித்த அரசாங்க ஆய்வாளர் அவர். வேலையை விட்டு வந்து துப்பறியத் தொடங்கிய பிறகும் சட்டைப்பையில் இரும்பு அளவு நாடா இருக்கும், பட்டப்பெயரும் கூடவே இருக்கும். பட்டாசு அவரிடம் சேருவதற்கு முன் ஒரு புகார்த் தொலைபேசி மையத்தில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தவள். ஒருநாள் ஒருவரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டாள். அந்த வேலையைத் தின்ற வாய்தான் இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது.

வழக்கு இதுதான். இந்தக் கம்பெனி ஆறு வருஷம் பாடுபட்டு ஒரு விளையாட்டைச் செய்தது. பெயர் 'கடைசிக் கலம்'. ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டால், ஆளில்லாத ஒரு விண்கலத்துக்குள் கண் விழிப்பீர்கள். பன்னிரண்டு அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஒளிந்திருக்கும் குறிகளைக் கண்டுபிடித்தால்தான் அடுத்த கதவு திறக்கும். வாங்கிய பதினோராயிரம் பேரும் நான்காவது அறையிலேயே மாட்டிக்கொண்டார்கள். மூன்று குறிகள் கிடைத்தன. நான்காவதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடியும் காணோம். எங்கே இருக்கிறது என்று கம்பெனி வாயைத் திறப்பதற்குள் ஊரே காறித் துப்பிவிட்டது. பழி புதிர்களை அமைத்தவர் தலையில் விழுந்தது. வேலையை விட்டுத் துரத்தப்பட்ட நாற்பதாம் நாள், காய்கறி வாங்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அவருடைய தங்கைதான் ஐந்து நாளைக்கு முன் போன் செய்தாள். குரலில் அழுகை இல்லை, அதிகாரம் இருந்தது.

"அந்தக் குறி எங்க இருந்துச்சுன்னு எனக்கு நல்லாத் தெரியும். மேஜை விளிம்புல, கண்ணுக்கு நேரா இருந்துச்சு. எப்படித் தெரியும்னு மட்டும் கேக்காதீங்க. விளையாட்டு வெளியே போறதுக்கு முன்னால யாரோ மாத்தியிருக்காங்க. யாருன்னு கண்டுபிடிச்சு, எங்க அண்ணன் பேரைக் காப்பாத்திக் கொடுங்க."

"நேர்ல வந்து பேசலாமே?" என்றாள் பட்டாசு.

"நீங்க ரெண்டாவது மாடி. என்னால வர முடியாது." போன் வைக்கப்பட்டது.

மாடி ஏறினால் மகாராணிக்குக் கால் தேய்ந்துவிடும் போலிருக்கிறது என்று அன்றைக்கு பட்டாசு சொன்னாள். தராசு சிரிக்கவில்லை. அவர் எதற்குத்தான் சிரித்தார்!

முதலாளி வந்தார். சட்டையில் விண்கலச் சின்னம் இன்னும் இருந்தது. தூக்கமில்லாத கண்கள்.

"மாத்தறதா? யார் மாத்துவா?" என்றார். "நாலாவது அறையில கட்டுப்பாட்டு மேஜை ஒண்ணு இருக்கு. அந்தப் புதிர் போட்டவனே அதோட அடிப்பக்கத்துல கொண்டுபோய் ஒளிச்சு வச்சிருக்கான். மேஜைக்கு அடியில எவன் தலையை விடுவான்? வேணும்னே பண்ணது சார் இது."

"வெளியிடறதுக்கு முன்னால யாரும் விளையாடிப் பாக்கலையா?" தராசு கேட்டார்.

"ஆறு பேர் பாத்தாங்க. பன்னிரண்டு கதவும் திறந்துச்சு."

"நாலாவது குறியை அவங்க எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "விடைத்தாளைக் கையில வச்சுக்கிட்டுப் பாத்தாங்க. ரெண்டே நாள்தான் இருந்துச்சு. கதவு திறக்குதா, படம் நிக்காம ஓடுதா, அதைத்தான் பாக்கச் சொன்னேன்."

"கேள்வித்தாள் கஷ்டமா இருக்கான்னு பாக்க, பிட் அடிச்சுப் பாத்திருக்கீங்க," என்றாள் பட்டாசு.

முதலாளி முறைத்தார். அவள் சொன்னதில் தப்பில்லாததால் முறைப்பு பாதியில் நின்றுபோனது.

"புதிர் போட்டவரே மாட்டிப் பாத்திருக்கலாமே?" என்றார் தராசு.

"ஹெட்செட் மாட்டினா அவனுக்கு ஒரு நிமிஷத்துல வாந்தி வந்துடும். எல்லாத்தையும் கம்ப்யூட்டர் திரையிலேயே கட்டுவான். ஆனா மறுநாள் வந்து கச்சிதமாச் சொல்வான், இந்தப் புதிர் சுலபம், அந்தப் புதிர் கஷ்டம்னு. எப்படிடா தெரியும்னு கேட்டா சிரிப்பான்."

"தப்பு தெரிஞ்ச அன்னைக்கு என்ன சொன்னார்?"

"ஒரு மணி நேரம் கொடுங்க, சரி பண்ணிடறேன்னு கெஞ்சினான். எப்படித் தப்பாச்சு, அதை முதல்ல சொல்லுன்னேன். அதை மட்டும் கேக்காதீங்கன்னான். அடையாள அட்டையைப் பிடுங்கிட்டு வெளியே அனுப்பிட்டேன்." முதலாளியின் குரல் கொஞ்சம் தாழ்ந்தது, உடனே நிமிர்ந்தது. "செத்துப் போனவன்னு பாக்கறீங்க. வேலை போன முப்பத்திரண்டு பேரும் செத்தாத்தான் அவங்களுக்காக யாராவது பேசணுமா? இதைப் பாருங்க."

மடிக்கணினியைத் திருப்பி வைத்தார். விளையாடியவர்களின் பட்டியல். பதினோராயிரம் பெயர்களுக்கு நேராக 'நான்காம் அறை' என்று நின்றிருந்தது. ஒரே ஒரு பெயருக்கு நேராக மட்டும் 'முடிந்தது'. அந்தப் பெயர் வாலு.

"விளையாட்டு வெளிவர ஒரு வாரம் முன்னாலயே இந்த ஆள் முழுசா முடிச்சிருக்கான். அவன்தான் போட்டிக் கம்பெனியோட கையாள். புதிர் போட்டவன் என் விளையாட்டை இவனுக்கு முன்கூட்டியே கொடுத்துட்டு, மத்தவங்க யாரும் முடிக்காதபடி குறியை ஒளிச்சுட்டான். இதை எழுதித் தொழில் சங்கத்துக்கு அனுப்பப் போறேன். இந்தத் தொழில் இருக்கறவரைக்கும் அவன் பேரு துரோகின்னுதான் இருக்கும். வாலு வேற யாரோன்னா நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள கொண்டுவாங்க, நிறுத்தறேன்."

தராசு பட்டியலை விரலால் தடவிக்கொண்டே போனார். எண்களைக் கண்டால் அவர் விரல் தானாக நகரும். "இந்த நூத்திப் பதினெட்டு என்ன?"

"உயரம். ஹெட்செட் தரையிலேந்து எவ்வளவு உயரத்துல இருக்குன்னு விளையாட்டே குறிச்சுக்கும். மத்தவங்களுக்கெல்லாம் நூத்தி நாப்பது, நூத்தி அறுபதுன்னு இருக்கும்."

பட்டாசு நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். தூணில் பென்சில் கோடுகளை அவள் வந்தபோதே பார்த்திருந்தாள். ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் தேதி, மேலே 'என் செல்லம்' என்று பெரியவர் கையெழுத்து.

"உங்க பொண்ணா சார்?"

"ஆமா. அதுக்கென்ன?"

"நாடாவைக் கொடுங்க சார்!" பிடுங்காத குறையாக வாங்கி அளந்தாள். உச்சிக் கோடு நூற்று இருபத்தொன்பது. "தலை உச்சி நூத்தி இருபத்தொம்பது. கண்ணு கொஞ்சம் கீழ. கழிச்சா நூத்திப் பதினெட்டு! வாலை வீட்லயே வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடறீங்களா?"

முதலாளியின் முகம் செத்துவிட்டது. பட்டாசுக்கு ஒரு கணம் ஜிவ்வென்று இருந்தது. தராசு நாடாவைத் திரும்ப வாங்கி, கோடுகளை அடியிலிருந்து மறுபடி அளந்தார்.

"எட்டு மாசம் முன்னால இந்தப் பொண்ணு நூத்தி இருபத்தி நாலு. இப்ப அஞ்சு சென்டிமீட்டர் கூடியிருக்கு. அந்தப் பட்டியலைப் பாரு. வாலு எட்டு மாசமா நாப்பத்தோரு தடவை விளையாடியிருக்கு. எல்லாத்துலயும் நூத்திப் பதினெட்டு. எட்டு மாசமா வளராத குழந்தை எந்த வீட்ல இருக்கு?"

பட்டாசின் காற்று இறங்கிவிட்டது.

"வளரவும் இல்ல. குனியவும் இல்ல, எம்பவும் இல்ல," தராசு தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார்.

"அப்ப சிலைதான் சார் விளையாடியிருக்கு. விலாசம் தேட வேண்டாம், எல்லா நாற்சந்தியிலயும் ஒண்ணு நிக்குது."

வழக்கமாக இப்படி ஏதாவது சொன்னால் ஒரு முனகலாவது வரும். இந்தமுறை அவர் நாடாவைச் சுருட்டவே மறந்து நின்றார். பிறகு முதலாளியிடம் இரண்டு பொருள்கள் கேட்டார். நான்காவது அறையில் இதுவரை செய்த மாற்றங்களின் பதிவு ஒன்று. வெளியான விளையாட்டு போட்ட ஹெட்செட் ஒன்று.

"இன்னொரு விஷயம்," என்றார் கிளம்பும்போது. "விளையாடறவங்க எல்லாரும் ஏன் நிக்கிறாங்க?"

"ஆரம்பத்துலயே ஒரு குரல் வரும், 'வீரரே, எழுந்து நில்லுங்கள்'னு. கடைசி வாரத்துல நான்தான் சேக்கச் சொன்னேன். கம்பீரமா இருக்கும்னு."

பஸ்ஸில் தராசு மாற்றப் பதிவைப் படித்தார், மடித்தார், மறுபடி படித்தார். பிறகு முழங்கால் மேல் அட்டையை வைத்து அறிக்கை எழுத ஆரம்பித்தார். வாடிக்கையாளரைப் பார்ப்பதற்கு முன்பே அறிக்கை எழுதி அவள் பார்த்ததில்லை.

"என்ன சார் இருந்துச்சு அதுல?"

"முதல் நாள் வச்ச இடத்துலேந்து அந்தக் குறி ஒரு விரக்கடைகூட நகரல."

"அப்ப கண்ணுக்கு நேரா இருந்துச்சுன்னு அந்தம்மா சொன்னது பொய்யா?"

"இல்ல."

"அப்ப மேஜைக்கு அடியிலன்னு முதலாளி சொன்னது பொய்?"

"அதுவும் இல்ல."

"ரெண்டு பேரும் உண்மை பேசற வழக்கா? நம்ம பொழப்பு என்ன சார் ஆகறது?"

"கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு வா," என்றார் தராசு. கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. கெஞ்சுவது போலச் சொன்னார்.

வீடு தரைத்தளத்தில் இருந்தது. வாசலில் படி இருக்கவேண்டிய இடத்தில் சிமென்ட் சரிவு. அழைப்பு மணி பட்டாசின் இடுப்புக்கு நேராக இருந்தது. தராசு நாடாவை வெளியே எடுக்கவில்லை. அளந்து பார்க்க அதில் ஒன்றும் மிச்சமில்லை என்பது போல மணியை அழுத்தினார்.

கதவு திறந்தது. சக்கர நாற்காலியில், நாற்பதை நெருங்கும் ஒரு பெண். காதில் செருகிய சிவப்புப் பேனா, மடியில் அச்சுத்தாள்கள்.

"வாங்க. மாடின்னு சொன்னதும் நீங்க கோவிச்சுக்கிட்டீங்களோன்னு நினைச்சேன்," என்றாள்.

மகாராணி என்று சொன்ன நாக்கை பட்டாசு உள்ளேயே கடித்துக்கொண்டாள். அந்த வீட்டில் எல்லாமே தாழ இருந்தன. சுவிட்சு, அலமாரி, பாத்திரம் கழுவும் தொட்டி, முகம் பார்க்கும் கண்ணாடி. கண்ணாடியில் பட்டாசின் வயிறு மட்டும் தெரிந்தது.

"பதினோரு வயசுலேந்து எனக்கு இந்த நாற்காலிதான்," என்றாள் தங்கை. "அண்ணன் ஒவ்வொண்ணா இறக்கி வச்சார். அவருக்குக் குனிஞ்சு குனிஞ்சு முதுகு வளைஞ்சே போச்சு. நான் பாடப் புத்தகங்களுக்குப் பிழை திருத்தறேன். தப்பு கண்டுபிடிக்கறதுதான் எனக்குச் சோறு போடுது. அதான் சொல்றேன், அந்த விளையாட்டுல தப்பு அண்ணனோடது இல்ல. யார் சார் மாத்தினாங்க?"

தராசு தொண்டையைச் செருமினார். "அம்மா, முதலாளி அவசரப்பட்டுட்டார். சரியா சோதனை பண்ணாமயே வெளியே விட்டிருக்கார். அதுதான் காரணம். அப்படியே எழுதிடறேன்."

"அது காரணம் இல்ல சார், சாக்கு. குறி எப்படி மேஜைக்கு அடியில போச்சு?"

தராசின் கை சட்டைப்பையிலிருந்த நாடாவைத் தேடியது. இத்தனை வருஷத்தில் அவர் இப்படி முழித்து பட்டாசு பார்த்ததில்லை. தங்கையின் பார்வை பட்டாசின் கையிலிருந்த பைக்குப் போனது.

"அதுல வெளியான விளையாட்டு இருக்கா? போட்டுப் பாத்துடலாமே. அண்ணன் போனதிலேந்து என்னால அதைத் தலையில வைக்க முடியல. நீங்க மாட்டுங்க."

"வேண்டாம் பட்டாசு," என்றார் தராசு.

அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் மாட்டிக்கொண்டுவிட்டாள். எதிலும் முந்திக்கொள்வதுதான் அவள் குணம். அதற்காக அன்றைக்கு வருத்தப்பட்டது போல வாழ்க்கையில் எதற்கும் வருத்தப்பட்டதில்லை.

இருட்டு. பிறகு நீல வெளிச்சம். 'வீரரே, எழுந்து நில்லுங்கள்' என்றது ஒரு கம்பீரக் குரல். ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த பட்டாசு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தாள். தங்கை வெளியிலிருந்து வழி சொல்லச் சொல்ல மூன்று அறைகளைத் தாண்டினாள். நான்காவதில் அகலமான மேஜை, அதற்கப்பால் ஜன்னலில் நட்சத்திரங்கள். மூன்று குறிகளை உடனே பார்த்துவிட்டாள்.

"நாலாவது இல்லீங்க. மேஜை விளிம்பு மொட்டையா இருக்கு."

"பாத்தீங்களா!" தங்கையின் குரல் துள்ளியது. "மாத்திட்டாங்க! நான் சொன்னேன்ல? சார், இப்ப நான் ஒண்ணு சொல்றேன், அண்ணன் மன்னிக்கட்டும். அண்ணன் ஒவ்வொரு அறையையும் முடிச்சதும் வீட்டுக்குக் கொண்டுவருவார். நான்தான் விளையாடிப் பாத்துச் சொல்வேன். ஆபீஸ்ல தெரிஞ்சா வேலை போயிடும்னு சத்தியம் வாங்கியிருந்தார். கடைசியாக் கொடுத்த காப்பி என் ஹெட்செட்லயே இருக்கு. அதையும் பாத்துடுங்க, ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்சுடும். உள்ளே போகும்போது பேரு கேக்கும். வாலுன்னு இருக்கும், அதை அழுத்துங்க. அண்ணன் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்."

ஹெட்செட் மாற்றி மாட்டப்பட்டது. வாலு. வளராத, குனியாத, எம்பாத வாலு. கழற்றி எறிந்துவிட்டு ஓடவேண்டும் போலிருந்தது. இதில் கம்பீரக் குரல் இல்லை. நேராக அதே நான்காவது அறை, அதே மேஜை, அதே மொட்டை விளிம்பு.

"தெரியுதா?" என்றாள் தங்கை.

"இல்லீங்க."

"இருக்குமே. கண்ணுக்கு நேரா இருக்குமே. மூணு கோடு, ஒரு வட்டம்."

"காணோமே..."

"என்னங்க நீங்க, நின்னுக்கிட்டா தேடறீங்க? உக்காந்து பாருங்..."

சொல் பாதியில் நின்றது.

பட்டாசு மெல்ல முழங்காலை மடக்கினாள். பின்னால் யாரோ, தராசாகத்தான் இருக்கவேண்டும், ஒரு முக்காலியை நகர்த்தி வைத்தார். உட்கார்ந்தாள். மேஜையின் விளிம்பு உள்பக்கமாகச் சரிந்து இறங்குகிற இடத்தில், சரியாகக் கண்ணுக்கு நேராக, மூன்று கோடும் ஒரு வட்டமும் மஞ்சளாக ஒளிர்ந்துகொண்டிருந்தன. ஒளித்து வைத்த குறி அல்ல அது. சுவிட்சையும் அலமாரியையும் இறக்கி வைத்த கை, பழக்கத்தில் இதையும் இறக்கி வைத்திருந்தது.

"தெரியுதா?" தங்கையின் குரல் இப்போது மிகவும் நிதானமாக இருந்தது.

வாயால் பிழைக்கிறவளுக்கு அந்த நேரத்தில் ஒரே ஒரு பொய்தான் கிடைத்தது. "தெரியலீங்க," என்றாள்.

"தெரியுது. உங்க தலை அசையாம அங்கேயே நிக்குது."

பட்டாசு ஹெட்செட்டைக் கழற்றினாள். தங்கை அழவில்லை. அச்சுத்தாளில் பெரிய பிழையைக் கண்டவளைப் போல வெறித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணனுக்குத் தெரிஞ்சிருந்துச்சா சார்?"

இருபத்திரண்டு வருஷம் தராசு முள்ளில் விரல் வைக்காத மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். "தெரிஞ்சிருந்தது அம்மா. ஒரு மணி நேரம் கேட்டிருக்கார், சரி பண்ண. எப்படித் தப்பாச்சுன்னு சொன்னாத்தான் விடுவோம்னாங்க. சொல்லல."

"நாப்பது நாள் இதே வீட்ல என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டார்," என்றாள் தங்கை. "ஒவ்வொரு நாளும் கேட்டேன், யாருண்ணா பண்ணாங்க, யாருண்ணா பண்ணாங்கன்னு. தினமும் அவரைக் கேட்டேன் சார்."

பட்டாசுக்குச் சொல்ல ஆயிரம் இருந்தன. ஆறு பேர் விடைத்தாளைப் பார்த்துச் சோதித்தது, அந்த மடையன் முதலாளி எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னது. எல்லாம் உண்மைதான், எதுவும் இந்த வீட்டில் செல்லாது.

"அறிக்கை எழுதிட்டீங்களா?" தங்கை கை நீட்டினாள்.

"இன்னும் முடிக்கல."

"சட்டைப்பையில தாள் நீட்டிக்கிட்டு இருக்கு. கொடுங்க."

தராசு கொடுத்தார். தங்கை வரிவரியாகப் படித்தாள். பட்டாசும் அவள் தோளுக்கு மேலாகப் படித்தாள். சோதனையில் நடந்த அலட்சியம், எழுந்து நிற்கச் சொன்ன குரல், நாளைச் சாயங்காலத்துக்குள் வாலுவைக் காட்டாவிட்டால் அண்ணனைத் துரோகி என்று முதலாளி தொழில் சங்கத்துக்கு அனுப்பப்போகும் கடிதம் எல்லாம் இருந்தன. கடைசி வரி: 'வாலு என்பவர் யாரென்று கண்டறிய இயலவில்லை.'

ஒரு கிராம் கூடக் குறையவிடாத தராசு, பஸ்ஸில் வரும்போதே ஒரு பொய்யை எழுதி வைத்திருந்தார்.

"இதைக் கொடுத்தா அந்தக் கடிதம் நிக்குமா சார்?"

"நிக்காது," என்றார் தராசு.

தங்கை காதிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். 'யாரென்று கண்டறிய இயலவில்லை' என்பதை நடுவில் ஒரே கோடாக அடித்தாள். ஓரத்தில் 'அவருடைய தங்கை. நாற்காலியில் உட்கார்ந்து விளையாடியவள்' என்று எழுதினாள். 'நூற்றிப் பதினெட்டு' என்று தராசு எழுதியிருந்ததையும் விடவில்லை, 'நூற்றுப்' என்று திருத்தினாள்.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் எதுக்கு? இன்னைக்கே கொடுத்துடுங்க," என்றாள்.

பிறகு, திருத்தி முடித்த ஒவ்வொரு பக்கத்திலும் போடுவது போல, இதில் இனிப் பிழையில்லை என்பதற்கு அடையாளமாகத் தாளின் கீழ் மூலையில் தன் கையெழுத்தைப் போட்டு நீட்டினாள்.